ஒரே குழம்பு, இரண்டு குழாய்கள்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஊட்டிச் சரிவுகளிலிருந்து இறங்கும் செம்மண் குழம்பு, சாலைக்கடியில் பதித்த குழாய்களில் எப்படி ஓடுகிறது என்னும் கேள்விதான் என்னைத் தொங்கல்களின் (நீர்மத்தில் நுண்துகள்கள் கரையாமல் மிதக்கும் கலவைகளின்) பாகுநிலையை, அதாவது ஓட்டத்துக்கு அவை காட்டும் எதிர்ப்பை, அளக்கத் தூண்டியது.

தூய நீர்மத்துக்கு வழி தெளிவானது. குழாயின் இரு முனைகளுக்கிடையிலான அழுத்த வேறுபாட்டையும் நொடிக்கு வெளிவரும் பருமனையும் அளந்து, குழாயின் நீளம், ஆரத்தோடு சேர்த்து, குழாய் ஓட்டத்துக்கான பாய்சொய் சமன்பாட்டில் இட்டால் பாகுநிலை கிடைத்துவிடும். குழாயின் ஆரம் நான்காம் அடுக்கில் வருவதால், அதில் ஒரு விழுக்காடு பிசகினால் விடை நான்கு விழுக்காடு பிசகும்.

துகள்கள் சேர்ந்ததும் ஐன்ஸ்டைனின் விதி துணைக்கு வருகிறது. துகள்களின் பருமப் பங்கை 2.5ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், பாகுநிலை எத்தனை மடங்காகும் என்பது தெரியும். 1906இல் வெளியான கணக்கை 1911இல் அவரே திருத்திய பின் நிலைத்த எண் இது. ஐந்து விழுக்காடு துகள்கள் பாகுநிலையை 12.5 விழுக்காடுதான் உயர்த்தும். ஆனால் வெறும் நீரே 20 டிகிரி செல்சியசிலிருந்து 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் பாகுநிலை பெறுகிறது. மார்கழிக் காலைக்கும் நண்பகலுக்கும் இடையே இவ்வளவு மாறுபாடு இங்கே இயல்பு என்பதால், குழாயை வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் அமிழ்த்தாமல் எடுக்கும் அளவீட்டை நான் ஏற்பதில்லை.

இதைவிட நுட்பமானது குழாயின் பங்கு. எந்தத் துகளின் மையமும் சுவரைத் தன் ஆரத்தைவிட நெருங்க முடியாது. ஆகவே சுவரையொட்டித் துகள் குறைந்த மெல்லிய நீரடுக்கு உருவாகி, உள்ளிருக்கும் அடர்ந்த பகுதி அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. குழாய் குறுகக் குறுக இந்த அடுக்கின் பங்கு பெருகுவதால், அதே தொங்கல் குறைந்த பாகுநிலை உடையதாகத் தோன்றும். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்களில் இரத்தம் இவ்வாறு நடந்துகொள்வதை ஃபோரயஸும் லிண்ட்குவிஸ்டும் 1931இல் காட்டினர். வெவ்வேறு விட்டமுள்ள குழாய்களில் அளந்து, இந்த வழுக்கலைப் பிரித்தெடுக்கும் முறையை மூனி அதே ஆண்டில் வகுத்தார். ஆதலால் குழாயின் விட்டத்தைக் குறிப்பிடாத தொங்கல் பாகுநிலை எனக்கு அரைகுறைத் தகவலே.

செம்மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐன்ஸ்டைனின் விதி ஒன்றோடொன்று ஒட்டாத கோளத் துகள்களுக்கானது. களிமண் துகள்களோ தட்டையானவை, கொத்துக் கொத்தாக ஒட்டுபவை. அடர்ந்த குழம்பில் இந்தக் கொத்துகள் வலைபோல் பிணைந்து, ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை அசையாமல் நிற்கும். அசைந்த பின் வேகம் கூடக் கூட இளகும். அங்கே ஒற்றைப் பாகுநிலை எண் பொருளற்றது. அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி ஓட்டத்தின் முழு வரைகோட்டையும் பெற வேண்டும். மணல் விரைவில் படிந்து குழாயின் அடியில் தங்கிவிடுமாதலால், 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பகுதியை மட்டுமே இப்போது குழாயில் ஓட்டுகிறேன்.