எக்செல்லில் அடங்காதது

"பம்ப் ஹவுஸ் பத்தித் தெரிஞ்சதையெல்லாம் இந்த எக்செல்ல போட்டுடுங்க சார்." ரிட்டயர் ஆகப்போகும் ஃபோர்மேனிடம் இன்று எச்.ஆர். பையன் கேட்டான்.

அவர் ஸ்குரூடிரைவர் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். "ஒரு மாசம் ஓடும். அதுக்கு மேல தாங்காது."

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

1980களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் வீட்டு ரொட்டி மெஷின் செய்தபோது மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. எக்ஸ்ரேகூட எடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் மென்பொருள் பொறியாளர் இகுகோ தனாகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை பழகப் போனார். மனிதர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பது அங்கேதான் பிடிபட்டது.

அமெரிக்க கன்சல்டன்ட் பாணி வேறு: தெரிந்ததை ஒரு சாஃப்ட்வேரில் எழுதி வை, வேண்டும்போது தேடி எடு.

நம்மவர்கள் அந்த சாஃப்ட்வேரை வாங்கிவிட்டு, ஃபோர்மேன் பின்னால் 'சும்மா நிற்கிற' அப்ரென்டிஸை ஆள்குறைப்பில் தூக்கிவிடுகிறார்கள்.