அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?

ஜப்பானில் பிள்ளைகள் வளர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், அப்புறம் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்கும் புத்தாண்டுக்கும்தான் பெற்றோர் முகத்தைப் பார்ப்பார்கள் என்று டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாயில் நம்மவர்கள் பேசிக்கொள்வதுண்டு. பாதிதான் உண்மை. கல்யாணம் ஆகாதவர்கள் முப்பது, நாற்பது வயதிலும் அப்பா அம்மாவோடு இருப்பது இங்கே சாதாரணம்.

என் அலுவலகத் தோழிக்கு ஓர் அண்ணன். மூத்த மகனுக்கே வீடு, நிலம், பெற்றோரைப் பார்க்கும் பொறுப்பு (அதாவது அவன் மனைவிக்கு) என்ற பழைய ஏற்பாட்டைப் போருக்குப் பிறகு 1947-ல் சிவில் சட்டத்தைத் திருத்தி எடுத்துவிட்டார்கள், இப்போது பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. எதிர்பார்ப்பு மட்டும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அண்ணன் ஒசாகாவில், அம்மா நாகானோவில் தனியாக, லீவு கிடைத்தால் ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஏறுவது இவள்தான். உனக்கென்ன குடும்பமா குட்டியா என்கிறாராம் அண்ணன். நம்ம ஊர் வசனமேதான்!

ஆனால் அவர்களுக்கு 2000 ஏப்ரலில் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதானால் சம்பளத்தில் பிடிப்பார்கள், எனக்கும் பிடிக்கிறார்கள். நகராட்சியில் மனு கொடுத்தால் ஆள் வந்து பார்த்து நிலையை முடிவுசெய்வார்கள், உதவிக்கு யார் எப்போது வருவது என்று கேர் மேனேஜர் அட்டவணை போட்டுத் தருவார், செலவில் பெரும்பாலோர் கட்டுவது பத்தில் ஒரு பங்குதான். அதனால் அம்மாவை யார் குளிப்பாட்டுவது என்று அண்ணனும் தங்கையும் சண்டை போடுவதில்லை. கேர் மேனேஜர் போனை யார் எடுப்பது என்பதில்தான் சண்டை. வேலைக்குப் போகிறவர்களுக்கு 93 நாள் பராமரிப்பு விடுப்பும் உண்டு, கேட்கத்தான் இவளுக்குத் தயக்கம்.

என் கதை வேறு. அம்மாவை இங்கே கூட்டிவர முடியாது. பெற்றோருக்கென்று பொதுவான விசா கிடையாது, உயர்திறன் பணியாளர் விசாவில் இருப்பவருக்கு ஏழு வயதுக்குள் குழந்தையும் இருந்தால் ஒரு வழி உண்டு, என் மகனுக்குப் பத்தாகிறது. மதுரையில் தம்பி பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லிக்கொள்கிறோம், பார்ப்பது அவன் மனைவி. மாமியாரைக் கவனித்த மருமகள் அதற்காக வாரிசுகளிடம் பணம் கேட்கலாம் என்று 2019 முதல் ஜப்பானில் சட்டம் இருப்பதை அவளிடம் சொன்னேன். "காசு இருக்கட்டும் மதினி, மாசம் ஒரு வாரம் வேற யாராவது பாத்துக்கிட்டா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வருவேன்" என்றாள். அந்த ஒரு வாரத்துக்கு நான் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறேன். வெளியாள் எதற்கு என்று தம்பி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான்.