பழைய எல்-ஜெட்ரானிக்கைச் சீர்செய்த நாட்கள்

மார்ச் 2

வண்டி சூடானதும் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், நிலையில்லாமல் ஏறி இறங்குகிறது. கிளட்சை விட்டு நகர்த்தும்போது ஒரு திணறல். திணறலைப் பார்த்தால் பெட்ரோல் போதவில்லை என்று தோன்றுகிறது. கழற்றிய பிளக்கிலோ நல்ல கரி, அதாவது பெட்ரோல் அதிகம். முரணான இந்த இரண்டும் ஒரே இன்ஜினில் இருப்பதால் கோளாறு ஒன்றல்ல, ஒன்றை மறைக்கும் இன்னொன்று என்று நினைக்கிறேன். ஐடில் கலவையை மாற்றும் ஸ்குரூவை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.

எல்-ஜெட்ரானிக் என்பது பாஷ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை. இன்ஜின் இழுக்கும் காற்று ஏர் ஃப்ளோ மீட்டரில் உள்ள ஸ்பிரிங் மடலைத் தள்ளுகிறது. மடல் எவ்வளவு திறந்ததோ அதற்கேற்ற வோல்டேஜ் ஈசியூ என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை ஈசியூ அந்த வோல்டேஜை வைத்துத்தான் முடிவுசெய்கிறது. எக்ஸாஸ்டைப் பார்த்துக் கலவையைச் சரிபார்க்கும் ஆக்ஸிஜன் சென்சார் என் வண்டியில் கிடையாது. மடல் சொன்னது தப்பு என்றால் திருத்த ஆளில்லை.

மார்ச் 3

வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங் இரண்டும் சரி.

மார்ச் 8

ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தேன். இந்த முறையில் கிரான்க்கேஸும் (இன்ஜினின் அடிப்பெட்டி) இன்டேக்கோடு, அதாவது காற்று உள்ளே போகும் வழியோடு, சேர்ந்ததுதான். அதனால் மூடியைத் திறந்ததும் இன்ஜின் தடுமாறியாக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை! ஏற்கெனவே வேறு எங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது.

சிலர் ஓடும் இன்ஜினில் கார்ப் கிளீனரை அடித்து லீக் தேடுவார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு இன்டேக்கில் புகை செலுத்தினேன். மீட்டருக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் மடிப்புக்கு அடியில் இருந்து புகை வந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாத வெடிப்பு. வண்டி நகரும்போது இன்ஜின் அசைய, வெடிப்பு விரிந்து, மடலைத் தாண்டாத காற்று உள்ளே போயிருக்கிறது. திணறலுக்குக் காரணம் இதுதான்.

மார்ச் 9

புதுக் குழாய் வரும்வரை ஃப்யூல் பிரஷரைப் பார்த்தேன். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் லைனைத் திறந்தேன். பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் ஓஸைக் கழற்றினால் 2.5 பார், மாட்டினால் சுமார் 2. சரியான அளவு, நிம்மதி.

மார்ச் 15

புதுக் குழாய் போட்டேன். திணறல் போய்விட்டது. ஆனால் எக்ஸாஸ்டில் எரியாத பெட்ரோல் வாடை. மறைந்திருந்த மற்றக் கோளாறு வெளியே வந்துவிட்டது.

இன்ஜின் சூட்டை ஈசியூவுக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரை அதன் முனையிலேயே அளந்தால் 80 டிகிரியில் 320 ஓம், சரியான அளவு. ஈசியூ பக்கத்து வயரில் அளந்தால் 900-க்கு மேல். கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கையில் ஈசியூ அதை இன்னும் குளிர்ந்த இன்ஜின் என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. சுத்தம் செய்ததும் வாடை பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி மீட்டருக்குள். கறுப்பு மூடியின் சிலிகானை முன்பே யாரோ அறுத்திருக்கிறார்கள். பல்சக்கரத்தில் கம்பெனி வைத்த பெயின்ட் கோடு சில பற்கள் நகர்ந்திருக்கிறது, ஸ்பிரிங் தளரும் பக்கமாக. தளர்ந்தால் அதே காற்றுக்கு மடல் அதிகம் திறக்கும், கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிகும். குழாய் லீக்கை இப்படி மூடப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் எனக்குக் கோபத்தையே தருகிறது. நல்ல மீட்டர்கள் கெடுவது இதனால்தான். கோட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

மார்ச் 16

காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரை எக்ஸாஸ்டில் மாட்டி ஓட்டினேன். சீரான வேகத்தில் சரியான விகிதமான 14.7-ஐ ஒட்டியே நிற்கிறது; எண் குறைந்தால் ரிச். முன்பு தொடாமல் விட்ட ஸ்குரூ, மடலைச் சுற்றிப் போகும் பைபாஸ் காற்றை மாற்றுவது; அதில் ஐடிலை 14-க்குக் கொண்டுவந்தேன். ஸ்குரூவை உள்ளே திருப்பினால் பைபாஸ் காற்று குறைந்து ரிச் ஆகும். கால் திருப்பு போதுமானதாக இருந்தது.

ஃபுல் திராட்டிலில் மட்டும் 14-க்குக் கீழே இறங்க மறுத்தது. அந்தப் பளுவில் அது லீன், அதாவது பெட்ரோல் குறைவு, இன்ஜினுக்கு ஆபத்து. திராட்டில் முழுதும் திறந்ததை ஈசியூவுக்குச் சொல்லும் திராட்டில் சுவிட்சின் ஃபுல்-லோட் கான்டாக்ட் மூடவே இல்லை. கான்டாக்டைச் சுத்தம் செய்து, சுவிட்சைத் தளர்த்திச் சற்றே திருப்பி வைத்ததும் 12.7.