சின்ன பிக்கப்பா, ஆல் வீல் டிரைவ் செடானா?

இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "மழையிலயும் பனியிலயும் வழுக்காம போகணும், அப்பப்ப கொஞ்சம் சாமானும் ஏத்தணும்." முதல் பாதி செடான் பக்கம் இழுக்கிறது, இரண்டாம் பாதி பிக்கப் பக்கம். முடிவெடுக்கும் முன் மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும்: நான்கு சக்கரத்துக்கும் சக்தி எப்படிப் போகிறது, பிக்கப்பின் பின்னால் திறந்து கிடக்கும் சாமான் தொட்டியில் உண்மையில் எவ்வளவு எடை ஏற்றலாம், டயர் என்ன நிலையில் இருக்கிறது. பலர் கடைசியாகப் பார்ப்பது டயரை. நான் முதலில் பார்க்கச் சொல்வதும் அதைத்தான்.

முதலில், சின்ன பிக்கப் என்பது ஒரே வகை வண்டி இல்லை. ஃபோர்டு மேவரிக், ஹூண்டாய் சாண்டா குரூஸ் இரண்டும் காரைப் போல உடலும் சட்டமும் ஒன்றாக இணைந்தவை. முன் சக்கர இயக்கம்தான் அடிப்படை. ஆல் வீல் டிரைவ் கேட்டால் பின்னாலும் சக்தி வரும். டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர் போன்றவை தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்தவை. அடிப்படையில் பின் சக்கர இயக்கம், தேவைப்படும்போது ஃபோர் வீலுக்கு மாற்றிக்கொள்வது. மழைச்சாலையில் இந்த இரண்டு வகையும் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

டகோமா வகையில் பெரும்பாலானவற்றில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். அதைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடும். அந்த வித்தியாசத்தை எங்காவது கரைக்க வேண்டும். மண்ணிலோ பனியிலோ டயர் லேசாக வழுக்கி அதைக் கரைத்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது, ஆகவே முறுக்கம் முழுவதும் சக்தி கடத்தும் தண்டுகளிலும், சக்தியை இரண்டு அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் வண்டி கொக்கிபோட்டு இழுப்பதுபோல நிற்கும், டயர் தரையைப் பிறாண்டும். அதனால்தான் காய்ந்த ரோட்டில் இதைப் போடக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள்.

இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. பாதி ஈரம், பாதி காய்ந்த நெடுஞ்சாலையில் அந்த பிக்கப் வெறும் பின் சக்கர வண்டியாகத்தான் ஓடும், அதுவும் பின்பக்கம் காலியாக. தொட்டியில் சுமை இல்லாதபோது பின் டயர்கள் மேல் எடை குறைவு. ஈரத்தில் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வால் விலகும். சில மாடல்களில் ஆட்டோ நிலை உண்டு. அதில் வண்டியே பார்த்து முன் அச்சுக்குச் சக்தி அனுப்பும், ஆகவே தார்ச்சாலையிலும் பயன்படுத்தலாம். வாங்கும் முன் அந்த நிலை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் ஓட்டுகிறவருக்கு ஆல் வீல் டிரைவ் செடான் இதைவிடத் தெளிவாக நல்லது.

செடான் தரப்பிலும் எல்லாம் ஒன்று இல்லை. சுபாரு லெகஸி போல எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வகை ஒன்று (லெகஸி 2025 மாடலோடு முடிந்துவிட்டது, இனி பழைய வண்டியாகத்தான் கிடைக்கும்). முன் சக்கரம் சுழல ஆரம்பிக்கும்போது, அல்லது சுழலப்போகிறது என்று கணித்து, கிளட்ச் பிடித்துப் பின்னால் சக்தி அனுப்பும் வகை இன்னொன்று. மேவரிக்கிலும் சாண்டா குரூஸிலும் இருப்பது இந்த இரண்டாம் வகையே. மூன்றாவது, இப்போதைய டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் மாதிரி, பின் அச்சில் தனி மின் மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் தண்டே கிடையாது, ஆகவே முறுக்கம் ஏறும் சிக்கலும் இல்லை. வழுக்கலில் கிளம்புவதற்கு இது அருமை. ஆனால் பின் மோட்டாரின் சக்தி கொஞ்சம்தான். ஆழமாக மண் கிடக்கும் பாதையில் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

கிளட்ச் வகையின் பலவீனம் சூடு. மணலிலோ சேற்றிலோ நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டால் கிளட்ச் தட்டுகள் உராய்ந்து எண்ணெய் கொதிக்கும். ஒரு கட்டத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின்பக்க இயக்கமே துண்டிக்கப்படும். கெட்டுப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது நேரம் ஆறவிட்டால் திரும்ப வரும். தினமும் இப்படிப்பட்ட பாதை என்றால் லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கானது) உள்ள சேஸிஸ் பிக்கப்தான் சரி. அங்கே செடானும் மேவரிக்கும் ஏறத்தாழ ஒரே கட்சி. ஒரு வித்தியாசம் உண்டு: தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி செடானில் சுமார் 15 செ.மீ., மேவரிக்கில் 21 செ.மீ.க்கு மேல். கூழாகக் கிடக்கும் பனி இந்த இடைவெளியைவிட உயர்ந்தால் வண்டியின் வயிறு அதன்மேல் ஏறிக்கொள்ளும். பிறகு எத்தனை சக்கரத்துக்குச் சக்தி வந்தும் பிடிமானம் இருக்காது.

இப்போது டயர். ஆல் வீல் டிரைவ் உதவுவது கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும். பிரேக் போடும்போது அதற்கு வேலையே இல்லை, ஏனென்றால் எல்லா வண்டிக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான். பனிக்கால டயர் போட்ட முன் சக்கர வண்டி, தேய்ந்த ஆல் சீசன் டயரோடு இருக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு முன்பாகவே நின்றுவிடும். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகும். பனிக்கால டயரின் கலவை இளகியே இருக்கும். டயர் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ படம் இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பட்டனின், அதாவது தரையைத் தொடும் ரப்பர் வரிகளின், வடிவத்தைக் குறிக்கிறதே தவிர, பனியில் சோதித்தது என்று பொருள் இல்லை. புது டயரில் பட்டனின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். 4 மி.மீ.க்குக் கீழே பனியிலும், 3 மி.மீ.க்குக் கீழே மழையிலும் நம்ப முடியாது. பல நாடுகளின் சட்ட வரம்பு 1.6 மி.மீ.; அதுவரை ஓட்டலாம் என்று நினைத்து யாரும் ஓட்ட வேண்டாம்.

செடான் வாங்கினால் வரும் ஒரு செலவை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அச்சுகளைத் தண்டால் இணைத்த ஆல் வீல் டிரைவில் நான்கு டயரின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சுபாரு சொல்லும் வரம்பு கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. சுற்றளவு. ஆழத்தில் அது 1 மி.மீ. தேய்மானம்தான்! பாதி தேய்ந்த டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்தால், புதிதாக ஒன்று மட்டும் வாங்கிப் போட முடியாது. நான்கையும் மாற்ற வேண்டும், அல்லது புது டயரைச் சீவி மற்றதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நேர்ச்சாலையிலும் கிளட்சோ நடு டிஃபரன்ஷியலோ ஓயாமல் உராய்ந்து கெடும். ஒல்லி ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் போவதும் இதே காரணத்தால் தவறு. ஆல் வீல் டிரைவ் உள்ள மேவரிக் வகைக்கும் இது பொருந்தும். பார்ட் டைம் பிக்கப் டூ வீல் நிலையில் ஓடும்போது இந்தக் கவலை இல்லை. டயர்களை 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டுவந்தால் நான்கும் சேர்ந்தே தேயும்.

சரி, சுமைக்கு வருவோம். மேவரிக்கின் தொட்டி கிட்டத்தட்ட 0.94 கன மீட்டர் கொள்ளும், அதன் பேலோட் (வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடை) அதிகபட்சம் சுமார் 680 கிலோ. ஈர மண் ஒரு கன மீட்டர் 1,600 கிலோவைத் தாண்டும். தொட்டி நிறைய அள்ளிப்போட்டால் ஒன்றரை டன். வரம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! ஓட்டுபவரைக் கழித்தால் ஒரு சாண் உயரத்துக்கு மேல் மண் போடக் கூடாது. ஜல்லியும் அதே கணக்குதான். இலைதழை, மரப்பட்டைத் தூள் என்றால் தொட்டி நிறையப் போட்டாலும் கவலையில்லை. பேலோட் என்பது சாமான் மட்டும் இல்லை, ஆட்களும் சேர்த்து. 75 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 300 கிலோ போய்விடும், மிச்சம் 380. டிரெய்லர் இழுத்தால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும்; அதையும் கழிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். கூடுதல் வசதிகள் ஏற ஏற அந்த எண் குறையும், ஆகவே விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

செடானின் மொத்த பேலோட் 400 கிலோ அளவில் இருக்கும். ஐந்து பேர் ஏறினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். டிக்கி 430 லிட்டர். மழை படாது, பூட்டலாம், யாரும் எட்டிப் பார்க்க முடியாது. தொட்டியில் வைத்த பெட்டி சிக்னலில் நிற்கும்போதே காணாமல் போகலாம். மூடி போட்டால் திருட்டும் மழையும் குறையும், ஆனால் உயரமான சாமான் வைக்கும் வசதியும் குறையும். செடானில் இடிப்பது டிக்கியின் அளவு இல்லை, வாய்தான். சீட்டை மடக்கினாலும் ஃப்ரிட்ஜை நிற்கவைத்துக் கொண்டுபோக முடியாது. கூரைக் கம்பிகளுக்கு வரம்பு பெரும்பாலும் 75 கிலோ.

தொட்டியில் 1.22 × 2.44 மீட்டர் பிளைவுட் எப்படிப் போகும்? மேவரிக்கின் தொட்டி நீளம் 1.38 மீட்டர்தான். பின் கதவைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தும் வசதி உண்டு. அப்போது கதவின் விளிம்பும் சக்கர மேடுகளின் தலையும் ஒரே மட்டத்தில் வரும், பலகை தட்டையாக உட்காரும். இரண்டு ராட்செட் பட்டைகள் (பிடியை அசைத்து இறுக்கும் நாடாக்கள்) வேண்டும்: ஒன்று குறுக்கே அழுத்திப் பிடிக்க, இன்னொன்று பின்னால் வழுகாமல் தொட்டியின் முன் கொக்கிகளோடு இழுத்துக் கட்ட. பலர் முதலாவதை மட்டும் கட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். மேட்டில் வேகம் எடுக்கும்போது பலகை பின்னால் நழுவுகிறது. மெத்தை ஏற்றினால் சிக்கல் காற்று. கயிற்றால் ஒரு சுற்று கட்டினால் போதாது, முனைகளையும் கட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

காலி பிக்கப்புக்கு எடை சேர்க்க மணல் மூட்டை வைக்கிறவர்கள் 100 முதல் 150 கிலோவைப் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வைத்துக் கட்ட வேண்டும். பின் கதவை ஒட்டி வைத்தால் முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் கேட்காது. கட்டாத மூட்டை விபத்தில் பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

எரிபொருளில் இடைவெளி பெரிது. அமெரிக்க அரசுச் சோதனைக் கணக்கில் ஆல் வீல் டிரைவ் கேம்ரி ஹைப்ரிட் லிட்டருக்குச் சுமார் 21 கி.மீ., 2.0 டர்போ ஆல் வீல் மேவரிக் 11 கி.மீ. அளவில். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் 650 லிட்டர் வித்தியாசம். 2025 முதல் மேவரிக் ஹைப்ரிடிலும் ஆல் வீல் டிரைவ் கிடைக்கிறது. அது 16-ஐ ஒட்டி வரும். இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வண்டியைத்தான். நிறுத்தும் இடத்தைப் பற்றிய பயமும் மிகைதான்: மேவரிக் 5.07 மீட்டர், கேம்ரி 4.92. டகோமா இரட்டைக் கேபின் 5.4-ஐத் தொடும், அதற்குத்தான் அளந்து பார்க்க வேண்டும். பின்னோக்கி உட்காரும் குழந்தை இருக்கை இருந்தால் அதைக் கையோடு எடுத்துப்போய் வண்டியில் பொருத்திப் பாருங்கள். சின்ன பிக்கப்பின் பின் சீட்டில் அது முன் சீட்டை டாஷ்போர்டு வரை தள்ளிவிடக்கூடும்.

மாதம் ஒருமுறைக்கும் குறைவாகத்தான் மண், மரம், பெரிய சாமான் ஏற்றுகிறீர்கள் என்றால் செடான் வாங்குங்கள், அந்த நாளுக்கு மட்டும் பிக்கப்பை வாடகைக்கு எடுங்கள். வாரா வாரம் அழுக்குச் சுமை என்றால் செடானின் உட்புறத்தை நாசமாக்காதீர்கள், பிக்கப்தான். இடைப்பட்டவர்கள் அடுத்த மூன்று மாதத்துக்கு என்னென்ன ஏற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் எடை, உயரம், ஈரமா காய்ந்ததா என்று குறியுங்கள்.

பழைய வண்டி பார்க்கப்போனால் செடானில் முதலில் நான்கு டயரையும் ஆழம் அளக்கும் கருவியால் அளந்துவிடுங்கள், பிராண்டும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். உதறலோ, பிடித்து விடுவதுபோன்ற துடிப்போ வந்தால் கிளட்ச் அல்லது நடு டிஃபரன்ஷியல் சந்தேகம். பின் டிஃபரன்ஷியல் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று ரசீது கேளுங்கள். பிக்கப்பில் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸில் கோக்கும் இடங்களில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; துருத் தின்ற இடம் மொத்தென்று சத்தம் தந்து செதிலாக உதிரும். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்த சேஸிஸ் என்றால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். டிரெய்லர் கொக்கி தேய்ந்து பளபளத்தால் வண்டி நிறைய இழுத்திருக்கிறது; கியர்பாக்ஸ் எண்ணெயை மோந்து பாருங்கள், கருகிய வாடை வந்தால் வேறு வண்டி தேடுங்கள்.