முற்றத்தில ஒரு பைப்

நேற்று யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் வேலணையில மச்சாள் வீட்ட போனன், கிணத்துத் தண்ணி உப்பு, வாயில வைக்கேலாது, பின்னேரம் பைப்படிக்கு சைக்கிள் கரியர்ல ரெண்டு கானையும் ரப்பர் பட்டியால இழுத்துக் கட்டிக்கொண்டு போனவ, வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஆச்சு, கயிறு பிடிச்ச உள்ளங்கை சிவந்துபோய் கிடந்தது. வீட்டுக்கு தண்ணிப் பைப் கனெக்சன் எடுக்க விருப்பம்தான், முன்காசு ஒரேயடியா கட்டோணும், கூலி வேலைக்குப் போறவைக்கு அது எங்கால?

மொரோக்கோவில தான்ஜியர் எண்ட நகரத்தில 2007ல ஒரு ஆய்வு செய்தவை. பொதுப் பைப்ல தண்ணி எடுத்த ஏழைக் குடும்பங்களுக்கு வட்டியில்லாத கடன், அதோட வீடு தேடிப்போய் போர்ம் நிரப்பவும் உதவி. அப்பிடி உதவி கிடைச்சதில 69 வீதம் கனெக்சன் எடுத்திச்சினம், அந்த உதவி கிடைக்காததில 10 வீதம்தான். ஆக, சனத்துக்கு விருப்பம் இல்லாம இல்லை, முதல் காசும் அலைச்சலும்தான் தடை.

கனெக்சன் எடுத்தவைக்கு வயிற்றோட்டம் மாதிரி தண்ணியால வாற நோய் ஒண்டும் குறையேல்ல, ஏனெண்டா பொதுப் பைப் தண்ணியும் சுத்தமானதுதான். ஆனா நேரம் மிஞ்சிச்சு, அயலுக்குள்ள தண்ணிச் சண்டை குறைஞ்சுது, சனம் முந்தியவிட சந்தோசமா இருந்திச்சினம். எனக்கு இதுதான் பெரிய விசயம். வயிற்றோட்டக் கணக்கை மட்டும் பாத்து பிரயோசனம் இல்லை எண்டு சொல்லுறவை ஒருக்கா அந்தக் கானைத் தூக்கிப் பாக்கட்டும்.

தீவுப்பக்கத்துக்கும் மானியமோ தவணையோ குடுங்கோ, மாதப் பில்லோட சேத்துக் கழியுங்கோ. மச்சாள் கட்டுவா, கடைக் கொப்பிக் கடனையே ஒரு மாதமும் பிந்தாமக் கட்டுறவ.