எண் 12 காட்டினால்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஐசியூவில் மூளை ஆக்சிஜன் ஆய்வை ஓட்டிய விதம்

திரையில் மூளை ஆக்சிஜன் 12 (மி.மீ. பாதரசம்; 20-க்குக் கீழே என்றால் குறைவு) என்று வந்ததும் கை தானாக வென்டிலேட்டர் பக்கம் போகும். போக விடக்கூடாது. அந்த 12 மெய்யா பொய்யா என்று தீர்மானிப்பதிலேயே இந்த ஆய்வின் பாதி உழைப்பு போகிறது. ஆய்வு இதுதான்: கடுமையான தலைக்காயத்துடன் வருபவர்களைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டு பிரிவாக்குகிறோம். எல்லோருக்கும் பிராப், அதாவது மண்டையில் துளையிட்டு மூளைக்குள் விடும் மெல்லிய உணர்கம்பி. ஒரு பிரிவில் அது காட்டும் ஆக்சிஜன் எண்ணையும் பார்த்து வைத்தியம், மற்றதில் எண்ணை மறைத்து, மண்டைக்குள் அழுத்தத்தை மட்டும் பார்த்து வைத்தியம்.

பின்னணி சுருக்கமாக. கடுமையான தலைக்காயத்தில் எல்லோரும் பார்ப்பது மண்டைக்குள் அழுத்தம், அதாவது ஐசிபி. 22 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போனால் வைத்தியம். அழுத்தம் சரியாக இருந்தும் திசு மூச்சுத் திணறலாம் என்பதுதான் சந்தேகம். கேப் டவுன் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையில் அந்தோணி ஃபிகாஜி குழுவினர் 2009-இல் 52 குழந்தைகளை வைத்துக் காட்டியதும் இதையே. அமெரிக்காவின் பூஸ்ட்-2 ஆய்வில் (119 பேர், 2017-இல் வெளியானது) ஆக்சிஜனையும் பார்த்து வைத்தியம் செய்த பிரிவில் திசு ஆக்சிஜன் 20-க்குக் கீழே கிடந்த நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2023-இல் வந்த பிரான்ஸின் ஆக்ஸி-டிசி ஆய்வில், 318 பேரில், ஆறு மாதத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிராப் போட்ட இடத்தில் ரத்தக் கட்டு சிலருக்கு வந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. கேள்வியைத் தீர்க்க வேண்டியது 1,094 பேர் என்று திட்டமிட்ட பூஸ்ட்-3. "மெஷின் இருக்கிறது, போடலாமே" என்பவர்களுக்கு நாங்கள் முதலில் எடுத்துக் காட்டுவது ஆக்ஸி-டிசியைத்தான்.

நோயாளிகளை ஆய்வில் சேர்ப்பதில் பெரிய எதிரி கடிகாரம். கிளாஸ்கோ கோமா அளவு (நினைவு எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பெண்) 3 முதல் 8. பூஸ்ட்-3 வகை விதிப்படி, ஆஸ்பத்திரிக்கு வந்த 6 மணி நேரத்துக்குள்ளும் அடிபட்ட 12 மணி நேரத்துக்குள்ளும் பிராப் உள்ளே இருக்க வேண்டும். தொலைவிலுள்ள நியூகாசில் பக்கம் விபத்து, மாவட்ட ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய் போட்டு, ஆம்புலன்ஸ் கிடைத்து, டர்பன் வந்து, சிடி ஸ்கேன் எடுப்பதற்குள் எட்டு ஒன்பது மணி நேரம் போயிருக்கும். ஆகவே அனுப்புகிற ஆஸ்பத்திரியிடம் "அடிபட்ட நேரம் என்ன?" என்று போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காகிதத்தில் வருவது பெரும்பாலும் அவர்கள் வாசலுக்கு வந்த நேரம்.

அடுத்தது சம்மதம். நோயாளியால் பேச முடியாதபோது வைத்தியத்துக்கு யார் சம்மதிக்கலாம் என்று 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் வரிசை போட்டிருக்கிறது: எழுத்தில் யாரையும் நியமிக்காவிட்டால் கணவன் அல்லது மனைவி அல்லது துணை, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, கூடப்பிறந்தவர். டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த், டொங்காட் இந்தியக் குடும்பங்கள் வரும்போது பேசுவது பெரியப்பா. மனைவி ஓரமாக நிற்பார். பெரியப்பாவிடம் மரியாதையாக எல்லாம் சொல்லுங்கள், ஆனால் கையெழுத்துக்கு மனைவியைத் தேடுங்கள். படிவம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும்தான் இருந்தது. கூட வந்த ஆயாவுக்கு (பாட்டிக்கு) தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் இரண்டு வாக்கியம் போதும்: "ஆயா, மண்டையில ஒரு சின்ன துளை போட்டு, உள்ளே காத்து போகுதான்னு பாக்குற கம்பி வைக்கிறோம். எந்தப் பிரிவுல விழுவார்னு சீட்டு போட்ட மாதிரி, நாங்க தேர்ந்தெடுக்கல." சீட்டு என்ற சொல் வந்ததும் புரிந்துவிடுகிறது. திருநீறு பூசக் கேட்டால் மறுக்க வேண்டாம். நெற்றிக்குப் பதில் கையில். நெற்றிக்கு மேலேதான் பிராப்பைப் பிடிக்கும் போல்ட் மண்டையோட்டில் திருகியிருக்கிறது, அந்தக் கட்டின் மேல் பொடி படக்கூடாது.

பிராப் விஷயம். லிகாக்ஸ் வகை பிராப் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டியது. பழைய மானிட்டர்களில் ஒவ்வொரு பிராப்புக்கும் அதன் அளவுத் திருத்தம் பதிந்த ஒரு அட்டை. அட்டை மாறினால் எண்ணும் மாறும், மானிட்டர் முறையிடாது. முன்மூளையின் வெண்பொருளில் (உள்ளே இருக்கும் நரம்பு இழைப் பகுதியில்) முனை உட்கார வேண்டும். எந்தப் பக்கம் என்பதை ஆய்வு விதியிலேயே எழுதிவிடுங்கள். ஒரு சர்ஜன் கன்றிய பக்கம், இன்னொருவர் நல்ல பக்கம் என்று போட்டால் இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

போட்டதும் வரும் எண்ணை யாரும் நம்ப வேண்டாம். ஊசி நுழைந்த இடத்தில் திசு காயப்பட்டிருக்கும். நிலைபெற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். பிறகு சிடியில் முனையைப் பாருங்கள். அதன் பின் சோதனை: வென்டிலேட்டரில் ஆக்சிஜனை 100 சதவீதமாக்கிச் சில நிமிடம் வைத்தால் எண் தெளிவாக ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் முனை ரத்தக் கட்டுக்குள் இருக்கலாம், பிராப் பழுதாக இருக்கலாம், நுரையீரலே மோசமாக இருக்கலாம். தமனி ரத்த ஆக்சிஜன் ஏறியும் மூளை எண் அசையாவிட்டால் பிராப்பைச் சந்தேகியுங்கள். சோதனை முடிந்ததும் ஆக்சிஜனைப் பழைய அளவுக்கு இறக்க மறப்பது அடிக்கடி நடக்கிற தவறு. மணிக்கணக்கில் அழகான எண் வரும், எல்லாம் பொய்.

எண் மெய் என்று தெரிந்த பிறகுதான் 12-க்குக் காரணம் தேடுவது. நாங்கள் முதலில் பார்ப்பது கார்பன் டை ஆக்சைடு. அழுத்தத்தைக் குறைக்க யாரோ மூச்சு வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். ரத்தக் குழாய் சுருங்கி ஆக்சிஜன் இறங்கியிருக்கும். இங்கே ரத்த வாயு அறிக்கை கிலோபாஸ்கலில் வருகிறது, ஆய்வு விதி மி.மீ. பாதரசத்தில். 1 கிலோபாஸ்கல் 7.5 மி.மீ.; 35 என்பது 4.7, 45 என்பது 6. இந்த இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் கட்டில் தலைமாட்டில் ஒட்டியதில் தீர்ந்த குழப்பம் வேறெதிலும் தீரவில்லை.

அடுத்து மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் (தமனி அழுத்தத்தில் ஐசிபியைக் கழித்தது), 60 முதல் 70 வரை. இங்கே ஒரு பொறி. தலை 30 டிகிரி உயர்த்தியிருக்கும்போது தமனி அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்தில் வைத்தால் ஒரு கணக்கு, காது மட்டத்தில் வைத்தால் 10-க்கும் மேல் குறைந்து இன்னொரு கணக்கு. எது வேண்டுமானாலும் சரி, எல்லாருக்கும் ஒன்றாக. பிறகு காய்ச்சல், வலிப்பு, ஹீமோகுளோபின். ஆக்சிஜன் சதவீதத்தைக் கூட்டுவது கடைசியில். முதலில் கூட்டினால் எண் நிமிரும், மூல காரணம் மறைந்துகொள்ளும். கார்பன் டை ஆக்சைடை உயர விடும்போது ஐசிபியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும்.

எண்ணைப் பார்க்கக்கூடாத பிரிவில் திரையை அட்டையால் மறைப்பார்கள். அலாரத்தை மறந்துவிடுவார்கள்! அட்டைக்குப் பின்னாலிருந்து அது கத்தினால் வார்டு முழுக்க ரகசியம் தெரியும். மானிட்டர், வென்டிலேட்டர், லேப் மூன்றின் கடிகாரமும் முதல் நாளே ஒன்றாக இருக்கட்டும். கரன்ட் போய் ஜெனரேட்டர் எழும் சில விநாடிகளில் பேட்டரி இல்லாத பெட்டி அணைந்து, வேறு நேரத்தில் விழித்துக்கொள்ளும். பிறகு பதிவைக் கோர்க்க ஒரு வாரம்.

ஐந்தாம் நாள் வாக்கில் பிராப் வெளியே. ஆனால் ஆய்வின் விடை ஆறாம் மாதத்தில் ஒரு போன் அழைப்பில் இருக்கிறது. நோயாளி எந்தப் பிரிவு என்று தெரியாத ஒருவர்தான் அழைக்க வேண்டும்: தனியாகக் கடைக்குப் போகிறாரா, வேலைக்குத் திரும்பினாரா, வீட்டில் துணை வேண்டுமா. பிரீபெய்டு எண் மாறிப் போகும். எனவே முதல் வாரத்திலேயே மூன்று போன் எண்: வீட்டில் இருக்கும் ஒருவர், வேறு வீட்டில் இருக்கும் அக்காவோ மாமாவோ, வேலை செய்யும் இடம். மூன்றையும் குடும்பம் எதிரே இருக்கும்போதே அடித்துப் பாருங்கள். ஒன்று மணி அடிக்காது.