தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வக வேலை என்றால் சொந்தக்காரர்கள் என்னை ஏதோ விஞ்ஞானி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில் கோலக்கெட்டில் பக்கம், மூடா ஆற்றுத் தண்ணீரை இறைத்து வீட்டுக் குழாய்களுக்கு அனுப்பும் நிலையம் ஒன்றில் எனக்கு ஷிப்ட் வேலை. தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை என்டியு என்ற அலகில் அளப்போம். சுகாதார அமைச்சின் தரப்படி உள்ளே வரும் தண்ணீர் 1000 என்டியுவுக்குள் இருக்க வேண்டும். வெளியே போகும்போது 5-ஐத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

கலங்கல் ஏறினால் ஜார் டெஸ்ட். ஆற்றுத் தண்ணீரை வரிசையாகக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் மண்ணைத் திரளவைக்கும் ஆலம் என்ற படிகாரத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கலக்கிவிட்டுக் காத்திருப்போம். எந்தக் குவளையில் மண் நன்றாகத் திரண்டு அடியில் உட்காருகிறதோ, அந்த அளவைத் தொட்டிக்குச் சொல்வோம். சாதாரண நாளில் இதில் ஒரு சிரமமும் இல்லை. மேலே மலையில் கனமழை என்றால், நாம் அளவைச் சொல்வதற்குள் ஆறு வேறு நிறத்துக்கு மாறியிருக்கும். கலங்கல் எல்லை மீறினால் பம்ப்பை நிறுத்த வேண்டியதுதான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே எங்களைத் திட்டும் பல நாள்களில் ஆறு என்னவோ கரை ததும்ப ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த மண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் என்னை உலு மூடா காட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஹெக்டருக்கும் மேல் பரந்த காடு அது. மூடா, பெடு, ஆனிங் அணைகளுக்குத் தண்ணீர் சேர்ப்பது அந்தக் காடுதான். கெடாவின் நெல் வயல்களுக்கும் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். பக்கத்து மாநிலமான பினாங்கு குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுப்பது. சிக் மாவட்டத்தில் குபிர் படகுத்துறையில் ஏறி அணை ஏரியைத் தாண்டிப் போனால் தேன்கூடுகள் தொங்கும் துவாலாங் மரங்கள் நிற்கும். யானைகள் உப்பு மண்ணுக்கு வரும் இடங்களும் இருக்கின்றன, உள்ளூர்க்காரர்கள் அவற்றைச் சிரா என்பார்கள். என் கண் என்னவோ ஓடைகளின் மேல்தான் இருந்தது. தொழில் புத்தி போகுமா? வெட்டாத சரிவிலிருந்து வந்த ஓடையில் அடியில் கிடந்த கல் தெரிந்தது. வெட்டுப்பாதை கடந்துபோன ஓடை தே தாரிக் என்ற பால் தேநீரின் நிறத்தில் இருந்தது.

பொதுவாக மரம் வெட்டுவதால் மண் அரிக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். அதைவிடப் பெரிய சேதத்தைச் செய்வது பாதை. மரத்தடி ஏற்றும் பாலாக் லோரி ஏறுவதற்கு புல்டோசர் சரிவைச் சுரண்டி வழி போடும். மரத்தை இழுத்துவரும் தடங்கள் அதில் வந்து சேரும். மழை பெய்தால் அந்தத் தடமே வாய்க்காலாகி மண்ணை நேரே ஆற்றில் கொண்டுவந்து கொட்டும். கரையோரக் காடு இருந்தால் அந்த மண்ணில் ஒரு பகுதியாவது அங்கே தங்கும், வேர்கள் கரையையும் பிடித்து வைத்திருக்கும். கரையோரமும் போய்விட்டால் தடுக்க எதுவும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். அதனால்தான் 'காடு அப்படியே இருக்கு, என்ன பிரச்சினை?' என்று கேட்பவரிடம் படத்தைக் காட்டிப் பேச முடிவதில்லை.

உலு மூடாவைக் காக்கக் கோரும் மனு ஒன்றுக்குக் கையெழுத்துச் சேர்க்கிறோம். எங்கள் குழு பெரியதில்லை. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், இரண்டு மூன்று இளைஞர்கள், அப்புறம் எண்களை விளக்குவதற்கு நான். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் பள்ளியின் பெற்றோர் கூட்டங்களிலும் மேசை போட்டுக் கையெழுத்து வாங்குவோம். ஆரம்பத்தில் உலு மூடா என்றால் அது எங்கே என்று கேட்டார்கள். 2022 ஜூலை 4-க்குப் பிறகு அந்தக் கேள்வி நின்றுபோனது. அன்று பாலிங் மாவட்டத்தில் குப்பாங் பகுதியில் திடீர் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு மரத்தடிகளும் உருண்டு வந்து வீடுகளை மோதின. மூன்று பேர் இறந்தார்கள். இனாஸ் மலையில் டுரியான் தோட்டத்துக்காகக் காட்டை அழித்ததுதான் காரணமா, மழை மட்டுமா என்று அப்புறம் நிறைய விவாதம் நடந்தது. அந்தத் தண்ணீர் கெட்டில் ஆற்று வழியாக எங்கள் பக்கம்தான் இறங்கியது. அந்த வாரம் நிலையத்தில் ஆலம் மூட்டைகள் போன வேகம் எனக்குத் தெரியும்.

இந்தக் கையெழுத்து வேலையில் என்னைத் திணறவைத்த கேள்விகள் இரண்டு. முதலாவது ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்துபோன ஒரு பாட்டியுடையது. படிவத்தைக் கையில் வாங்காமலே கேட்டார்: "ஏந்தம்பி, காட்ட அழிச்சித்தான இந்தத் தோட்டத்தையே போட்டாங்க? அப்பல்லாம் யாரும் கையெழுத்து வாங்க வரலியே?" பதில் சொல்ல ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அவர் கேட்டது நியாயம். பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த பிறகும் நிலைமை அதுதான். எங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ இடங்களில் செம்பனை ஆற்றின் விளிம்புவரை நிற்கிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியோ, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு என்றால் இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறது. அந்தக் கரையில் நின்றுகொண்டு மேலே இருப்பவனை வெட்டாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? பாட்டி கடைசியில் கையெழுத்துப் போட்டார். நாங்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. பேரன் வீட்டில் குழாய் அடிக்கடி நின்றுபோகிறதாம்.

இரண்டாவது கேள்வி ஒரு பாலாக் லோரி ஓட்டுநருடையது. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன். "அண்ணே, லோரி நின்னா தவணைய நீங்க கட்டுவீங்களா?" கூட இருந்தவர்கள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெடா அரசு பல ஆண்டுகளாகக் கேட்பதும் இதே கேள்விதானே?

நம்மவர்கள் பலருக்கு இது புரிவதில்லை. 2018-இல் டாக்டர் சேவியர் ஜெயக்குமார் நீர், நிலம், இயற்கை வள அமைச்சரானபோது, 'நம்ம ஆளு வந்துட்டாரு, ஒரு உத்தரவு போட்டா முடிஞ்சிது' என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருப்பவை. காட்டிலிருந்து வரும் வருமானமும் மாநிலத்துக்குத்தான். வருமான வழி குறைவான ஒரு மாநிலத்திடம் போய், பக்கத்து மாநிலத்துத் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வேண்டும், நீ மரத்தைத் தொடாதே என்கிறோம். கெடா பதிலுக்கு ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்டது. ஆறு இயற்கையாக ஓடிவருகிறது, அதற்கு எதற்குக் காசு என்றது பினாங்கு.

ஆற்றுத் தண்ணீரைத் தினமும் அளக்கிறவனுக்கு அந்த வாதம் ஒப்பாது. ஆறு தானாக ஓடிவரும், சரி. தெளிந்து ஓடிவருவதற்கு மேலே ஒருவர் காட்டை விட்டுவைத்திருக்க வேண்டும். பினாங்கு மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, என் அக்கா குடும்பமே பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறது. காசு கொடுக்காவிட்டால் வெட்டுவோம் என்ற தொனியும் எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சேற்றை முதலில் குடிப்பவர்கள் கெடாக்காரர்களாகிய நாங்கள்தான். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு இப்போது தனியாக நிதி ஒதுக்குகிறது. 2023 பட்ஜெட்டில் அது 70 மில்லியனிலிருந்து 150 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கெடா ஒன்று மட்டும் கேட்பது 50. மற்ற மாநிலங்களோடு பங்கு போட்ட பிறகு எவ்வளவு மிஞ்சும்?

கூட்டங்களில் யாராவது ஒருவர் சிலாங்கூரைக் காட்டுவார். 1927-இல் அரசிதழில் சேர்ந்த கோலலங்காட் வட காப்புக்காட்டை விடுவிக்க 2020-இல் திட்டம் வந்ததும் 45,000-க்கும் அதிகமான ஆட்சேபங்கள் குவிந்தன. 2021-இல் ஒரு பகுதியை விடுவித்துவிட்டதாக அறிவித்தும், எதிர்ப்பு தாங்காமல் செப்டம்பரில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். நாமும் அப்படிச் சத்தம் போட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் அங்கே நடந்தது காப்புக்காடு என்ற தகுதியை நீக்கும் முயற்சி. அதற்கு அறிவிப்பு உண்டு, ஆட்சேபத்துக்கு நாள் உண்டு. உலு மூடாவில் பெரும்பகுதி காப்புக்காடாக இருக்கும்போதே உரிமத்தோடு வெட்ட முடிகிறது. உற்பத்திக் காடு என்று வகைப்படுத்தியிருந்தால் வெட்டுவது சட்டப்படி சரி. தேசிய வனச் சட்டத்தை 2022-இல் திருத்தி, தகுதி நீக்கத்துக்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று சேர்த்தார்கள். அபராதத்தின் உச்சவரம்பையும் 5 மில்லியன் ரிங்கிட் ஆக்கினார்கள். உரிமம் வைத்திருப்பவனை இந்த இரண்டும் ஒன்றும் செய்யாது. ஆகவே எங்கள் மனுவில் 'சட்டவிரோத மரவெட்டை நிறுத்துங்கள்' என்று எழுதுவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கட்சி. நீர்ப்பிடிப்புப் பகுதியை உற்பத்தி வகையிலிருந்து மாற்றுங்கள் என்று நேரடியாகக் கேட்க வேண்டும்.

அந்த வரிக்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த பத்திதான் சண்டையைக் கிளப்பியது: தண்ணீரால் பயன்பெறும் மாநிலமும் மத்திய அரசும் கெடாவுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும், அதில் ஒரு பகுதி வெட்டுவேலையை விட்டு வருகிறவர்களுக்குப் போக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். இது அரசியல், சுற்றுச்சூழல் மனுவில் எதற்கு என்றார் ஒருவர். பினாங்கின் பிறை ஊரிலிருந்து வரும் நண்பர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆசிரியர் மட்டும், "அந்தத் தவணைக்காரப் பையனுக்கும் இதுல ஒரு வரி இருக்கணும்ல?" என்றார். வாக்கெடுப்பு வரை போய்த்தான் பத்தி நிலைத்தது.

பாட்டியின் கேள்விக்கும் ஒரு வரி சேர்த்தோம். அதைத் தனிக் கடிதமாகப் பக்கத்துத் தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பினோம். செம்பனை 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவுக்கு வரும், அப்போது கரையில் 50 மீட்டர் விட்டு நடுங்கள் என்று. மேலாளர் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேசினார், மறுநடவுத் திட்டத்தில் பார்க்கிறேன் என்றார். எழுத்தில் தாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். அது வரட்டும், மேல்பக்கம் உள்ள மற்ற தோட்டங்களுக்கும் நகலோடு போகலாம்.